பேய்க்கு என்ன மதம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆழ்மன உளவியல் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். ஒருவர் மருத்துவரின் அறையில் படுத்துக்கொண்டு சொல்லும் கனவுக்கும் சமூகத்துக்கும் என்ன சம்பந்தம்? அதுவும் வியன்னாவில் பிறந்த கொள்கை நமக்கு எப்படிப் பொருந்தும்? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ராஜஸ்தானில் மெஹந்திபூர் பாலாஜி கோயில் இருக்கிறது. பாலாஜி என்றால் அங்கே அனுமன். பேய் பிடித்தவர்களைக் குடும்பத்தோடு கூட்டி வருவார்கள். டெல்லியில் உளப்பகுப்பாய்வு (நோயாளியைப் பேசவிட்டு ஆழ்மனத்தை அறியும் முறை) மருத்துவராக இருந்த சுதிர் கக்கர் அங்கே போய்ப் பார்த்ததை 1982இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அங்கே நடப்பது ஏறக்குறைய கோர்ட் விசாரணை. பாலாஜி முன்னால் பூதம் ஆஜராகி, தான் யார், ஏன் பிடித்தேன், என்ன வேண்டும் என்றெல்லாம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். புகுந்த வீட்டில் வாயே திறக்காத பெண், பூதம் ஏறியதும் பெரியவர்களைக் கண்டபடி ஏசலாம். அவளை யாரும் கோபித்துக்கொள்வதில்லை, ஏசியது பூதம்தானே! அடக்கி வைத்த கோபம் வேறு பெயரில் வெளியே வருகிறது. இது வரைக்கும், நீங்கள் சொல்லும் வியன்னாக் கொள்கையை உருவாக்கிய ஃப்ராய்டைப் படித்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

கக்கர் அதற்கு அடுத்ததையும் கவனித்தார். அங்கே வந்த இந்துக்களில் பலரைப் பிடித்திருந்தது முஸ்லிம் பூதம். விலக்கப்பட்ட உணவின் மீது ஆசை, அடங்காத காமம், வெறி எல்லாம் அந்த முஸ்லிமுடையவை, நல்ல இந்துவான தன்னுடையவை அல்ல என்று நோயாளி தன்னையே நம்பவைக்கப் பார்க்கிறார் என்பது அவர் விளக்கம். ஆசை நோயாளியின் சொந்த ஆசைதான். ஆனால் அதை யார் தலையில் கட்டலாம் என்பதை அவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, ஊரே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நீங்கள் கேட்ட சம்பந்தம் இதுதான். (நம் பக்கத்துப் பேய்கள் பெரும்பாலும் தூக்கு மாட்டிக்கொண்டவர்கள், அகாலத்தில் செத்தவர்கள். அதையும் யாராவது இப்படி உட்கார்ந்து கேட்டால் நம்மைப் பற்றி நிறையத் தெரியவரும்.)

சரி, வியன்னா. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஃப்ராய்டை நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் கடிதத்தில்தான். ஆனால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் சீடர் அல்ல. ஆண்குறியை இழந்துவிடுவோம் என்ற அச்சம் ஐரோப்பியர்கள் அளவுக்குத் தன் இந்திய நோயாளிகளிடம் தெரியவில்லை, பெண்ணாக வேண்டும் என்ற ஆசைதான் எளிதாக வெளிப்படுகிறது என்று 1929இல் ஃப்ராய்டுக்கே எழுதினார். ஃப்ராய்ட் அந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொண்டாரே தவிர, கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு இதில் போஸ்தான் முக்கியம். நோயாளி சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் புத்தகத்தைத் திறந்தவர்.

இந்த உளவியலை வைத்துக்கொண்டு 'இந்த நாட்டுக்கே மனநோய்' என்று டிவி விவாதத்தில் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 1930இல் ஃப்ராய்டே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். தனிமனிதரின் நோயைச் சுற்றியுள்ள இயல்பானவர்களோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறோம், எல்லோருக்கும் நோய் என்றால் எதோடு ஒப்பிடுவது? அப்படியே கண்டுபிடித்தாலும், ஒரு சமூகத்தையே பிடித்து உட்காரவைத்து வைத்தியம் பார்க்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

படிப்பதற்கு: கக்கரின் 'ஷாமன்ஸ், மிஸ்டிக்ஸ் அண்ட் டாக்டர்ஸ்'. அதில் பாலாஜி கோயில் அத்தியாயத்தை முதலில் படியுங்கள். ஃப்ராய்ட் அப்புறம்.