பழைய பிரேம்களில் துணி போர்த்திய மவுண்ட் வைத்தால் நன்றாக இருக்குமா? துணியை வீணாக்காமல் செய்வது எப்படி?

'வீணாக்காமல்' என்று கேட்டிருக்கிறீர்கள். அதிலேயே தெரிந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த இரண்டு மூன்று பழைய பிரேமும், கத்திரி வைக்க மனசு வராத ஒரு துணியும் உங்களிடம் இருக்கின்றன. சும்மா கிடக்கிற துணி என்றால் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள்.

நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் துணியை முதலில் எடுக்காதீர்கள். கிழிந்த சட்டை ஏதாவது ஒன்றை வெட்டி இரண்டு மவுண்ட் செய்து கெடுத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடுங்கள். பதில் இவ்வளவுதான், அவசரம் உள்ளவர்கள் இங்கேயே கிளம்பலாம். நான் அப்படிச் செய்யவில்லை, அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு அவள் பெட்டியிலிருந்து எனக்கு வந்தது ஒரு தலையணை உறை. வெளிர் மஞ்சள் பருத்தி. ஒரு மூலையில் நீல நூலில் சங்கிலித் தையல் போட்ட ஐந்து பூ. ஐந்தாவது பூவுக்கு வரும்போது நூல் தீர்ந்திருக்க வேண்டும், பாதி இதழ் வேறு நீலத்தில் இருக்கும். ஜோடியில் இன்னொரு உறை அக்காவிடம். அம்மாவின் போட்டோவைப் பழைய பிரேமில் போட்டு, சுற்றிலும் அவள் தைத்த துணியையே மவுண்டாக வைப்பது என் திட்டம். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

மவுண்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஜன்னல் போல வெட்டி வைக்கிற அட்டை. அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். படம் கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கியமான வேலை. தொட்டால், ஈரப்பதத்தில் பழைய போட்டோவின் மேல் பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நான் வாங்கிய பிரேம் ஒன்றில் யாரோ ஒரு தம்பதியின் போட்டோ அப்படி ஒட்டிக் கிடந்தது. எனக்கு அப்போது தெரியாது, இழுத்தேன். மாப்பிள்ளையின் நெற்றி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. உங்கள் பிரேமில் உங்கள் வீட்டுப் படமே அப்படி இருந்தால் பிடுங்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

வாங்கியது மூன்று பிரேம். ஒன்றில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள், தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டியது. பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம் என்று அர்த்தம், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்திருக்கக் கூடாது. இன்னொன்று தங்க நிறம், ஓரமெல்லாம் கொடி வேலைப்பாடு. தூசியாக இருக்கிறதே என்று ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். தங்கம் துணிக்கு வந்துவிட்டது. அடியில் செங்கல் நிறத்தில் ஒரு பூச்சு, இன்னொரு இழுப்பில் அதற்கும் அடியில் வெள்ளை. பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு, செங்களிமண், அதன் மேல் தங்கத்தாள் என்று அடுக்கியிருப்பார்கள். எல்லாவற்றையும் பிடித்துவைத்திருப்பது தண்ணீரில் கரையும் பசை. உலர்ந்த தூரிகைதான் போட வேண்டும். பெயின்ட் அடித்த பழைய பிரேம் என்றால் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது.

மிச்சம் இருந்தது மூன்றாவது, கறுத்த மரம், 8×10 அங்குலம். இதற்குள் 4×6 போட்டோ வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஜன்னல் போட்டோவைவிடச் சின்னதாக இருந்தால்தான் அது பின்னாலிருந்து விழாமல் நிற்கும், அதனால் மூன்றரைக்கு ஐந்தரை. நாலு பக்கமும் இரண்டேகால் அங்குலம் கரை. பூக்கள் மொத்தம் இரண்டு அங்குல அகலம், இடது கீழ் மூலையில் அழகாக உட்கார்ந்துவிடும். காகிதத்தில் அதே அளவு ஜன்னல் வெட்டி, துணி மேல் நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்தேன். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தேன், நீங்களும் செய்யுங்கள். ஆனால் பிரேமின் உதடு, அதாவது கண்ணாடியைத் தாங்குகிற முன்விளிம்பு, சுற்றிலும் கால் அங்குலத்தை விழுங்கும் என்பதை மறந்துவிட்டேன். ஒரு இலை இன்றைக்கும் பிரேமுக்கு அடியில்தான் இருக்கிறது.

அட்டை வெட்டுவதில் பெரிய விஷயம் இல்லை. மவுண்டின் உள்விளிம்பை 45 டிகிரி சரிவாக வெட்ட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். துணி போர்த்தப் போகிறோம், நேராக வெட்டினால் போதும். வெளி அளவை மட்டும் பிரேமின் உள் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். மடிக்கிற துணிக்கும் தடிமன் உண்டு. நான் குறைக்காமல் வெட்டி, திணித்து, நடுவில் அட்டை கூடாரம் மாதிரி எழும்பி நின்றது.

அடுத்து அந்த நாலு மூலை. வெளி மூலைகளைச் சொல்லவில்லை, அவற்றை எப்படி மடித்தாலும் பிரேம் மறைத்துவிடும். ஜன்னலின் உள் மூலைகள். துணியைக் கவிழ்த்து, அதன் மேல் அட்டையை வைத்து, ஜன்னலுக்குள் தெரிகிற துணியில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போல வெட்டி, நாலு முக்கோணத்தையும் பின்னால் மடித்து ஒட்ட வேண்டும். வீடியோக்களில் சரியாக இந்த இடத்தில் வேகத்தைக் கூட்டி, பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று நான் கட்டர் முனையை அட்டையின் மூலை வரைக்கும் கொண்டுபோனேன். மடித்தேன். திருப்பிப் பார்த்தால் நாலு மூலையிலும் இழை இரண்டு மூன்று பிரிந்து, அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளை அட்டை எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் முகத்துக்கு நாலு பக்கமும் நாலு வெள்ளைப் புள்ளி. அதன்பின் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது.

மூலைக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே வெட்டை நிறுத்த வேண்டும். இழுத்து மடிக்கும்போது துணி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ரொம்ப முன்னால் நிறுத்தினால் மூலையிலிருந்து சுருக்கம் கிளம்பும், அப்போது ஒரு இழை இன்னும் வெட்டிக்கொள்ளலாம். வெட்டியதை மட்டும் திரும்ப ஒட்ட முடியாது.

நான் ஒட்டினேன், அது வேறு கதை. உறையின் மடிப்புத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த பகுதியிலிருந்து நகக்கண் அளவு நாலு துண்டு எடுத்தேன். வெயில் படாத அந்த இடத்தில் மஞ்சள் இன்னும் பளிச்சென்று இருந்தது. பல்குச்சி நுனியில் பசை தொட்டு, மூலையில் துணிக்கு அடியில் செருகினேன். இரண்டு மணி நேரம். மூன்று மூலை சரியாக வந்தது. இப்போதெல்லாம் முதலிலேயே அட்டையின் நாலு உள் மூலையிலும் அதே துணியில் சின்னத் துண்டு ஒட்டிவிட்டுத்தான் பெரிய துணியைப் போர்த்துகிறேன். இழை பிரிந்தாலும் அடியில் தெரிவது துணிதான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏற்கெனவே தெரிந்தவர்கள் 'இது தெரியாதா' என்று எழுத வேண்டாம்.

பசையைப் பற்றி: தண்ணீராக இருக்கிற வெள்ளைப் பசையை அட்டையின் முன்பக்கம் தாராளமாகத் தடவினால் மெல்லிய துணியில் ஊறி வெளியே வந்து, காய்ந்ததும் நத்தை போன தடம் மாதிரி மினுங்கும். பூத்தையல் உள்ள துணிக்கு முன்பக்கம் பசையே வேண்டாம் என்பது என் கட்சி. நன்றாக இஸ்திரி போட்டு, இழை அட்டையின் விளிம்போடு நேராக ஓடுகிறதா என்று பார்த்து, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவிலிருந்து தொடங்கிப் பின்னால் மட்டும் ஒட்டுங்கள். பெரிய மவுண்டில் இது தொய்யும், ஒப்புக்கொள்கிறேன்.

ஆவணக் காப்பு தெரிந்தவர்கள் இந்நேரம் கோபமாகியிருப்பார்கள். மரக்கூழ் அட்டையில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் நாளாக நாளாக அமிலமாகிப் படத்தைப் பழுப்பாக்கும், உண்மை. அந்த மூன்றாவது பிரேமில் முன்பு இருந்த படத்தைச் சுற்றி, ஜன்னல் விளிம்பு பட்ட இடமெல்லாம் டீக் கறை போல ஒரு கோடு இருந்தது. அதனால்தான் நான் மூலப் போட்டோவை வைக்கவில்லை, நகல் எடுத்து வைத்தேன். அதையும் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், காகிதம் ஈரத்தில் விரிந்து சுருங்க இடம் வேண்டும். செலோடேப் வேண்டாம், மஞ்சளாகிக் கறை விடும். அமிலமில்லாத அட்டை கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் அது கிடைக்கும்வரை அம்மா படத்தை மாட்டாதே என்று சொல்ல வராதீர்கள்.

சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெற்றபோது எல்லோரும் சேர்ந்து படம் கொடுப்பதாக முடிவாகி, பிரேம் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். வாழ்த்து அட்டையில் பன்னிரண்டு பேர் கையெழுத்து, என் பெயர் இல்லை. நான் பசை காயட்டும் என்று வீட்டில் காத்திருந்த நாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். கொடுத்தபோது ஒருவர் பாராட்டாகச் சொன்னார்: "கடையில வாங்கினது மாதிரியே இருக்கு." சிரித்துவைத்தேன்.

சரி, அக்கா. அவள் வந்தது மாட்டி ஒரு மாதம் கழித்து. செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்துவிட்டாள். கிட்டே போய்ப் பூவைக் கண்ணாடி மேல் விரலால் தடவினாள். "ஏண்டா, இதுல போயா கத்தி வச்ச?" என்றாள். நான் பெட்டியில் கிடந்து மக்கியிருக்கும் என்றேன், கறை பிடித்திருக்கும் என்றேன், யோசித்துவைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதில் வாங்கவே இல்லை. வலது மேல் மூலையைக் காட்டி, "அங்க வெள்ளையா என்ன?" என்று கேட்டாள். சரியாக வராத அந்த நாலாவது மூலை.

காபி குடித்து முடிக்கும்வரை வேறு ஏதேதோ பேசினாள். கிளம்பும்போது மட்டும், "என்கிட்ட இருக்கிற உறையை நீ தொடவே கூடாது, ஆமா" என்றாள். சரி என்றேன். அவள் இன்னும் எதுவும் கேட்கவில்லை. இருந்தாலும் அதே கறுத்த மரத்தில் ஒரு 8×10 பிரேம் போன வாரம் கண்ணில் பட்டது, வாங்கி வைத்திருக்கிறேன்.