பழைய துணி வேண்டாம், அசன அண்டா போதும்: சேகரத்து நிவாரண நிதி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தின், அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுப்பின், செயலாளராக இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது சபையார் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் வந்ததில் பாதி பழைய துணி. சில மூட்டைகள் இன்னும் ஹாலிலேயே கிடக்கின்றன. இனி நிரந்தரமாக ஒரு நிவாரண நிதி வைக்கலாம் என்று வாலிபர் சங்கத்தார் சொல்கிறார்கள். டிட்வா புயலுக்குப் பிறகு இலங்கைக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பலருக்கு ஆசை. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒரு குடும்பமும் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். வாங்கலாமா? வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிதி வையுங்கள், தாராளமாக வையுங்கள். ஆனால் அதற்கு முன்னால் கமிட்டியில் ஒன்றைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் என்பதைப் பார்த்துத்தான் என்ன கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பக்கத்து ஊர் என்றால் சோறும் ஆளும். அடுத்த மாவட்டம் என்றால் அங்கே இருப்பவரிடம் கேட்டு வாங்கிய பொருள். கடல் தாண்டினால் பணம் மட்டும். இதை மாற்றிச் செய்வதால்தான் ஹாலில் மூட்டை தேங்குகிறது.

துணி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரமெல்லாம் பழைய துணி குவிந்து கிடந்ததை அந்தப் பக்கம் போனவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். கொடுத்தவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் அளவு பார்த்துப் பிரிக்க ஆள் இல்லை, காய வைக்க இடம் இல்லை, வாங்கவும் யாருக்கும் விருப்பம் இல்லை. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தவருக்குத் தேவைப்படுவது புது உள்ளாடை, நைட்டி, கைலி, நாப்கின், பிள்ளைகளுக்கு நிக்கர். இவற்றைப் பழசாக யாரும் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் மாட்டார்கள். ஆகவே ஆராதனை அறிவிப்பிலேயே "பழைய துணி வாங்குவதில்லை" என்று குருவானவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். செயலாளர் சொன்னால் வருத்தப்படுகிறவர்கள் ஐயா சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். இப்போது கிடக்கும் மூட்டைகளைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு உட்கார்ந்து ஒரே நாளில் பிரியுங்கள். பருத்தித் துணியை ஒர்க்‌ஷாப்காரர்கள் துடைப்பதற்கு எடுத்துக்கொள்வார்கள். மற்றதைத் துப்புரவுப் பணியாளர்களிடம் உலர்குப்பையாகக் கொடுத்துவிடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம்.

இனி உங்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் சேகரத்துக்குச் சேகரம் அசனம், அதாவது சபையின் பொது விருந்து, நடக்கிறது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நாளில் சமைத்துப் போடத் தெரிந்த ஆட்கள், அண்டா, அகப்பை, விறகு அடுக்குகிற இடம், பந்தி பரிமாறிப் பழகிய பையன்கள் எல்லாம் உங்களிடம் உண்டு. இதை வெளியூரிலிருந்து வரும் எந்த நிவாரண அமைப்பாலும் முதல் நாளில் கொண்டுவந்து இறக்க முடியாது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளுமாகக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. ஹெலிகாப்டர் வந்து சேருவதற்குள் அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ரோடு துண்டித்தால் கதை இப்படித்தான்: அடுத்த தெருவில் இருப்பவன் போட்டால்தான் சோறு.

அதனால் அசனச் சமையல்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். கேட்க வேண்டியது: கரண்ட் இல்லாமல், மழையில், கூரைக்கு அடியில் எத்தனை பேருக்குச் சமைக்க முடியும்? விறகு எங்கே நனையாமல் இருக்கும்? ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் முதல் இரண்டு நாளைக்கு எத்தனை மூட்டை கையிருப்பு வேண்டும்? பிடியரிசி (வீட்டில் சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துச் சபைக்குத் தரும் அரிசி) எடுக்கும் வழக்கம் உங்கள் சபையில் இன்னும் இருந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதை விற்காமல் வைத்திருங்கள். பொட்டலம் கட்டுவதில் ஒரு எச்சரிக்கை. சாம்பார் சாதத்தைச் சூட்டோடு கட்டினால் படகு போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போகும். தண்ணீருக்குள் போகிற பொட்டலத்துக்குப் புளிச்சாதம்தான். அதையும் பாயில் பரப்பி ஆறவிட்டு, கட்டிய நேரத்தைப் பேனாவால் எழுதி அனுப்புங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் இல்லாமல் சோறு மட்டும் போனால் பாதி உதவிதான். குடிக்க, சமைக்க, கழுவ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது உலக அளவில் நிவாரணப் பணியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு.

முதல் வாரம் எல்லாரும் வருவார்கள். பிஸ்கட்டும் பிரட்டும் கால் வைக்க இடமில்லாமல் குவியும். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் நிதி அந்த மூன்றாவது வாரத்துக்கானது என்பது என் எண்ணம். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போனவருக்கு அப்போதுதான் கன்று வாங்கப் பணம் வேண்டும். ஆடு செத்தவருக்கு ஆடு, தையல் மெஷினில் தண்ணீர் ஏறியவருக்கு மோட்டார், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நோட்டு. அப்புறம் ஆதார், ரேஷன் கார்டு, பட்டா நகல் எடுக்க அலைய வேண்டிய அலைச்சல். அரசு சிறப்பு முகாம் போடும், ஆனால் மனு எழுதத் தெரியாத ஆச்சிக்கு முகாம் இருந்து என்ன, இல்லாவிட்டால் என்ன? உங்கள் வாலிபர் சங்கத்தில் நாலு பேர் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் பத்துப் பைசா செலவில்லை. சேறு அள்ளப் போகிற பையன்களுக்கு மட்டும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண்ணோடு சேற்றில் இறங்க விடாதீர்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சபைகள் பெயரைக் கெடுத்துக்கொள்கின்றன. பட்டியலைச் சபை ரிஜிஸ்டரிலிருந்து எடுக்கக் கூடாது. வி.ஏ.ஓ.விடமும் ஊராட்சித் தலைவரிடமும் பாதிப்புப் பட்டியல் கேளுங்கள். தெருத்தெருவாக நடந்து சரிபாருங்கள். ஊர்க் கோயில் நிர்வாகத்தையும் ஜமாத்தையும் பிரிக்கும் இடத்துக்குக் கூப்பிடுங்கள். பைக்குள் கைப்பிரதி, பைமேல் வசனம், வாங்குகிறவர் கையைப் பிடித்து போட்டோ மூன்றும் வேண்டாம். 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளில், மதம் பார்க்காமல் கொடுப்பதும், எந்த மத நிலைப்பாட்டையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தாததும் முதல் வரிசையிலேயே இருக்கின்றன. நம் ஊர் வரலாறு இந்த விஷயத்தில் கொஞ்சம் சிக்கலானதுதான். 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானதே, கிறிஸ்தவர்களானதால் துரத்தப்பட்டவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்றுதான். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கமும் அப்படி நிலம் வாங்கிக் குடியமர்த்தத்தான். ஆனால் 1877 பஞ்சத்தில் மிஷன்கள் கஞ்சி ஊற்றியபோது கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானத்துக்கு வந்ததை இன்றும் எடுத்துக்காட்டிப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சுக்கு நீங்கள் புதிதாகத் தீனி போட வேண்டாம். திருமண்டலத் (பேராயரின் கீழ் உள்ள திருச்சபை நிர்வாகம்) தேர்தல் நெருங்கும் வருஷமாக இருந்தால் இன்னொரு ஜாக்கிரதை: வேட்பாளர் யாரும் தன் கையால் பை கொடுக்கக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, துபாய்ப் பணம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் எந்த நாட்டில் வேலை பார்த்தாலும், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வழக்கமான வங்கி வழியாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வாங்கலாம். பாஸ்போர்ட் முகப்புப் பக்க நகலையும், "இது என் சொந்தப் பணம்" என்று ஒரு வரிக் கடிதத்தையும் ஃபைலில் வையுங்கள். அவர் அங்கே நண்பர்களிடமும் அங்குள்ள தமிழ்ச் சபையிலும் வசூலித்துச் சேர்த்து அனுப்பினால் கதை மாறிவிடும். அந்த அமைப்பு வெளிநாட்டு மூலம். அதனால் தனித்தனியாக, அவரவர் கணக்கிலிருந்து வரட்டும்.

அமெரிக்கக் குடும்பத்தின் பணத்தை உங்கள் சேகரக் கணக்கில் வாங்கவே கூடாது. இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், நாங்குநேரியில் பிறந்தவராக இருந்தாலும், குடியுரிமை மாறிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்க முடியும். அதுவும் புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள தனிக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். திருமண்டலத்துக்கோ வேறு திருச்சபை அமைப்புக்கோ நடப்பில் உள்ள பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அக்குடும்பம் நேராக அங்கே கொடுக்கட்டும். "அவர்கள் வாங்கி நமக்கு மாற்றிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. வாங்கிய அமைப்பே செலவழிக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு இந்த விவரத்தை எழுதி அனுப்புங்கள். புரிந்துகொள்வார்கள்.

இலங்கை பற்றிய ஆசை எனக்குப் புரிகிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தை மண்சரிவில் புதைத்தபோது பாதிக்கப்பட்டவர்களில் நம் பக்கத்து வேர் உள்ளவர்கள் நிறைய. கண்டி மலைத் தோட்டங்களில் 1854-இல் தமிழ்த் தொழிலாளர்களுக்காக மிஷன் வேலை தொடங்கியபோது உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்துதான் போனார்கள். யாழ்ப்பாணத்திலோ தென்னிந்தியத் திருச்சபைக்கே ஒரு திருமண்டலம் இருக்கிறது. ஆனால் பொருள் அனுப்பும் யோசனையை விடுங்கள். 2022 நெருக்கடியில் தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியதுகூட மத்திய அரசின் வழியாகத்தான். தெரிந்தவர் போட்டில் ஏற்றிவிடுவார், ஹவாலாவில் கொடுத்தால் நாளைக்கே போய்விடும் என்பதெல்லாம் உங்களைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தும் வழிகள்.

சேகரக் கணக்கிலிருந்தும் நேராக அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பல் திட்டம் தனிமனிதருக்கு மட்டும்தான், அறக்கட்டளைக்கும் சங்கத்துக்கும் கிடையாது. போதாததற்கு, தர்ம நிறுவனம் இந்தியாவுக்கு வெளியே செலவழிக்கும் பணத்துக்கு வருமான வரி விலக்குப் பெற வரி வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். ஆகவே விருப்பம் உள்ள குடும்பத்தார் தங்கள் வங்கியில் பான் எண் கொடுத்து, நன்கொடை என்று நோக்கம் எழுதி, அங்குள்ள திருச்சபையின் வங்கிக் கணக்குக்குத் தாங்களே அனுப்பட்டும். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை இடம் இருக்கிறது, நம் ஆட்களுக்கு அந்த எல்லை இடிக்காது. உங்கள் வேலை, சரியான கணக்கு எண்ணை அந்தத் திருமண்டல அலுவலகத்தோடு பேசி உறுதிப்படுத்திச் சபையாருக்குச் சொல்வது. வாட்ஸ்அப்பில் வரும் கியூ.ஆர். படத்தை நம்பி யாரும் போட்டுவிடக் கூடாது. வங்கிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் பிடிப்பார்கள், ஆகவே சின்னச் சின்னத் தொகையாக அனுப்பாமல் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவது லாபம்.

உள்நாட்டில் வேறு மாநிலத்துக்கு என்றால் இவ்வளவு சிக்கல் இல்லை. 1947 முதல் இயங்கும், திருச்சபைகளின் நிவாரண அமைப்பான காசா (CASA), கத்தோலிக்கர்களுக்கு 1962-இல் தொடங்கிய காரிதாஸ் இந்தியா என்று அனுபவம் உள்ள அமைப்புகள் இருக்கின்றன. முதலமைச்சர் பொது நிவாரண நிதியும் இருக்கிறது. கேரளத்துக்கு லாரி பிடிக்கும் வாடகையில் அங்கேயே பாதிச் சாமான் வாங்கிவிடலாம்.

கடைசியாக, நிதியை வைக்கும் முறை. தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. ஒவ்வொரு ரூபாய்க்கும் பெயர் போட்ட ரசீது. வரிச்சலுகை கேட்பவர்களுக்கு நன்கொடை வரிச்சலுகைக்கான அனுமதி (80-ஜி என்பார்கள்) திருமண்டலத்திடம் இருக்கிறதா என்று பாருங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் வருஷாவருஷம் தானாக நிரம்பும். ஏலம் எடுத்தவர்களின் பாக்கியைப் பண்டிகை முடிந்த மாதமே வசூலித்துவிடுங்கள், இல்லையென்றால் நிதி நோட்டில் மட்டும்தான் இருக்கும். முக்கியமாக, வெள்ளம் வந்த அன்று கமிட்டி கூட முடியாது. சேகர குருவானவரும் செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கமிட்டி கூடும் வரை எவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம் என்று ஒரு தொகையை மினிட் புத்தகத்தில் இப்போதே எழுதி, மழை தொடங்கும் முன் செப்டம்பர் கமிட்டியில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐயும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.