மகளை ஒருநாள் ரப்பர் பால்வெட்டுக்குக் கூட்டிப் போங்கள்

அண்ணே, வணக்கம்.

போன வாரம் மகளோடு வந்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: "மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சாச்சு, இப்போ டிசைன் டிசைன்னு சொல்லுகா. படம் வரையவா இவ்வளவு பீஸ் கட்டினேன்?" அன்று ஆட்கள் காத்திருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிசைன் வேலையில் படம் கடைசியில்தான் வரும். ஒரு பொருளை யார் கையில் பிடிப்பார்கள், யார் காசு கொடுத்து வாங்குவார்கள், அது சரியில்லாமல் போனால் யாருக்கு நஷ்டம் என்று தேடிப்போய்க் கேட்பதுதான் தொடக்கம். கேட்டதை அளந்து பார்க்கக்கூடிய வாக்கியங்களாக எழுத வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அதற்குப் பிறகு. நடுவில் உள்ள அந்த எழுத்து வேலைதான் கஷ்டம். அதைப் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

உங்கள் மகளும் குதித்திருக்கிறாள். ரப்பர் பால் வெட்ட மோட்டார் கத்தி செய்வது அவளுடைய மினி புராஜெக்ட். நோட்டின் முதல் பக்கத்திலேயே "12 வோல்ட் பேட்டரி" என்று எழுதியிருந்தாள். "இதை யாரு மக்களே கேட்டா?" என்றேன். யாரும் கேட்கவில்லை. குலசேகரம் பக்கத்தில் வருஷக்கணக்காகப் பால் வெட்டுகிற அப்பா நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள், உங்களிடம்கூட அவள் பேசவில்லை.

கேட்டிருந்தால் "கை வலிக்காம இருந்தா போதும்" என்றிருப்பீர்கள். அது தேவை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் கத்தி செய்ய முடியாது. வலிப்பது மணிக்கட்டா தோளா, எத்தனையாவது மரத்தில் தொடங்குகிறது, தாழ்ந்த வெட்டிலா தலைக்கு மேல் வெட்டும்போதா என்று கூடவே நடந்து பார்க்க வேண்டும். இப்போது பிடிக்கிற கத்தியைத் தராசில் வைக்க வேண்டும். பிறகுதான் "கருவியின் எடை இத்தனை கிராமைத் தாண்டக்கூடாது" என்று எழுத முடியும். அந்த எண்ணை அவள் தோட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

தோட்டக்காரர், அதாவது மரங்களின் சொந்தக்காரர், வேறு ஒன்று சொல்வார்: "மரத்துக்குக் காயம் படக்கூடாது." கத்தி ஆழமாகப் போய் மரத்தை ஒட்டிய வளர்படலத்தில் (புதுப்பட்டையை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு) பட்டால், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வரும், பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. உங்களுக்குத் தெரியாததா! ஏழு வருஷம் வளர்த்த மரம். அப்போது அவள் எழுத வேண்டியது: "ஒரு வெட்டில் போகும் பட்டை 1.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது." இதைச் சோதிப்பதும் எளிது, கீழே விழும் சீவலைப் பொறுக்கி வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் வைத்தால் போதும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இப்படி ஒரு சோதனை சொல்ல முடிகிறதா என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

உங்களுக்கு வேகம் வேண்டும், தோட்டக்காரருக்குப் பட்டை மிஞ்ச வேண்டும். இரண்டும் இடிக்கும். ஜப்பானில் மிட்சுபிஷியின் கோபே கப்பல் கட்டும் தளத்தில் 1972-ல் இதற்கு ஒரு அட்டவணை போட்டார்கள். ஆட்கள் கேட்டது இடப்பக்கம், அளக்கக்கூடியது மேலே, எது எதோடு சேரும் என்பது நடுவில். பின்னால் அதன் தலையில், எது எதோடு மோதும் என்று காட்ட ஒரு கூரையும் வந்தது. 'தர வீடு' (House of Quality) என்று பெயர். ஒரு சார்ட் பேப்பரில் அவளே வரையலாம்.

கேட்டாலும் வாயில் வராத தேவைகளும் உண்டு. கத்தியில் பால் உறைந்து ஒட்டினால் துணியால் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவீர்கள். அதை ஒரு விஷயமாக நீங்கள் சொல்லவே மாட்டீர்கள். மோட்டாருக்குள் அதே பால் போனால் கதை முடிந்தது. நொரியாகி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984-லேயே இதை எழுதிவிட்டார்: சில விஷயங்கள் இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இல்லாமல் போனால்தான் கோபம் வரும். அதனால்தான் விடியுமுன் ஹெட்லைட்டோடு நீங்கள் போகும்போது அவளும் வர வேண்டும் என்கிறேன்.

இது நம் ஊரில் உயிர் சம்பந்தப்பட்டது, அண்ணே. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை படகுக்கு வரும், ஆனால் படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. "எனக்குச் சொல்லுங்கள்" என்பது ஒரு தேவை, "நான் மாட்டிக்கிட்டேன்" என்று கரைக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டையும் பிரித்து எழுத ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தராக உங்கள் மகள் இருக்கலாம் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

வேலை விஷயம். தேவைகளைக் கேட்டு எழுதுவதையே முழு வேலையாகக் கொண்ட பதவி படித்து முடித்ததுமே கிடைப்பது அரிது. முதலில் டிசைன் இன்ஜினியர், டெஸ்டிங் என்று சேர்ந்து, சில வருஷத்தில், எல்லாப் பகுதியும் தேவைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் சிஸ்டம்ஸ் இன்ஜினியர் ஆகலாம். வாகனம், மருத்துவக் கருவி செய்யும் இடங்களில் இதற்கு மதிப்பு அதிகம். ஐ.டி.-க்குப் போனாலும் பிசினஸ் அனலிஸ்ட் செய்வது இதையேதான். மேலே படிக்க ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சி.இ.இ.டி. என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதலாம். அங்கே டிசைன் பள்ளி 1969-லிருந்து இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் எம்.டெஸ். (டிசைன் முதுகலைப் படிப்பு) உண்டு. இப்போதே பணம் கட்டி கம்ப்யூட்டரில் வரையும் இன்னொரு கேட் (CAD) கோர்ஸில் சேர்க்க வேண்டாம், கல்லூரியில் படித்ததே போதும்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீசில் இருப்பேன். நோட்டோடு வரச் சொல்லுங்கள். பட்டைச் சீவலை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவரட்டும், வெர்னியர் என்னிடம் இருக்கிறது.