தனியே ஒரு மலைப்பயணம்

கேள்வி: மனதை ஆற்றிக்கொள்ளத் தனியாகக் கார் எடுத்துக்கொண்டு கண்டியிலிருந்து நுவரெலியா போனேன். திரும்பும்போது ரம்பொடைக்குக் கீழே கருகிய வாடை. பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. ஓட்டோ கியர் கார். எங்கே பிழை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் காலில்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கண்டி ஏறத்தாழ 500. அந்த இறக்கம் முழுக்க கியரை 'டி'யில் விட்டு பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழசென்றால் அது உறிஞ்சிவைத்த ஈரம் கொதித்து ஆவியாகும்; மிதி பஞ்சாவது அதனால். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுங்கள்.

இறக்கம் தொடங்குமுன்பே கியரை 'எல்' அல்லது '2'க்கு மாற்றுங்கள், என்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும். ஹைபிரிட் என்றால் 'B'. என்ஜின் உறுமும், பயப்படாதீர்கள். வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். வாடை வந்தால் சமதரையில் அரை மணிநேரம் நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, சூடான பிரேக் டிஸ்க் விரிசல் விடலாம். ஹேண்ட்பிரேக்கும் வேண்டாம், 'P' என்ற பார்க்கிங்கில் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். அதன்பிறகும் மிதி அமிழ்ந்தால் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

காலை ஆறுக்கே கிளம்புங்கள்; பிற்பகலில் மூடுபனி இறங்கும். பனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போதும். டெவன், சென்கிளேயர் அருவிகளை ஓட்டிக்கொண்டே பார்க்க முடியாது. அவை ரம்பொடைப் பாதையில் இல்லை; தலவாக்கலை வீதியால் போனால் இறங்கி நின்று பாருங்கள். தனியாகப் போவதன் சுகமே அதுதானே, அவசரப்படுத்த ஆளில்லை.