துப்பாக்கியைக் கொடுத்தால் கிஃப்ட் கார்டு: நகர மன்றத் திட்டத்தை ஆதரிக்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்களுக்குக் கிஃப்ட் கார்டு கொடுக்க எங்கள் நகர மன்றம் 40,000 டாலர் ஒதுக்கப் பார்க்கிறது. குற்றம் குறையும் என்கிறார்கள் சிலர், வீண் செலவு என்கிறார்கள் சிலர். குடியிருப்போர் குழுவில் இருக்கும் நான் எந்தப் பக்கம் பேசுவது? திட்டம் நிறைவேறினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தெருவில் நடக்கும் துப்பாக்கிச் சூட்டைக் குறைக்கத்தான் இந்தப் பணம் என்று சொன்னால் ஆதரிக்காதீர்கள். யாருக்கும் தேவைப்படாமல் வீட்டு அலமாரியில் கிடக்கும் துப்பாக்கியை அப்புறப்படுத்த என்றால் தாராளமாக ஆதரியுங்கள். எதற்காக என்பது தெளிவாகிவிட்டால் அட்டையின் தொகை, விளம்பர வாசகம், வெற்றியை அளக்கும் முறை எல்லாம் அதை ஒட்டியே அமையும்.

விவாதத்தில் கட்டாயம் ஆஸ்திரேலியாவை இழுப்பார்கள். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு அங்கே ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 1.5 சதவீதத்திலிருந்து 1.7 ஆக உயர்த்தி அதற்குப் பணம் திரட்டினார்கள். ஆனால் அங்கே முதலில் வந்தது தடை. ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் அரைத்தானியங்கி ரைபிள்களைப் பொதுமக்கள் வைத்திருப்பதே பெரும்பாலும் குற்றமானது. பணம் வெறும் இழப்பீடு. கொடுத்தவர் மறுநாள் கடைக்குப் போய் அதே ரகத்தை வாங்க முடியாது. கிறைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் நடந்த துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைக்குப் பின் 2019இல் நியூசிலாந்து செய்ததும் இதையேதான். அங்கே அடிப்படை விலையில் புதிது போலிருந்தால் 95 சதவீதம், ஓரளவு நன்றாயிருந்தால் 70, மோசமானால் 25 என்று கொடுத்தார்கள். 56,000க்கும் மேல் வந்து சேர்ந்தன. ஆனால் தடைசெய்யப்பட்டவை நாட்டில் மொத்தம் எத்தனை என்ற கணக்கே முன்பு இல்லாததால், எவ்வளவு பங்கு வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் நகரத்தில் தடையும் இல்லை, கட்டாயமும் இல்லை. ஆகவே ஒப்பிட வேண்டியது பால்டிமோரோடு. 1974இல் அந்நகரக் காவல்துறை துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்து 13,000க்கும் மேல் வாங்கியது. துப்பாக்கிக் கொலை குறையவில்லை. அதற்குப் பிறகு பல அமெரிக்க நகரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் குற்றம் குறைந்ததாகக் காட்டவில்லை. காரணம் எளிது. வருவது பெரும்பாலும் தாத்தா விட்டுப்போன பழைய ரிவால்வர், துருப்பிடித்த வேட்டைத் துப்பாக்கி. குற்றம் செய்கிறவனுக்கு அவன் கைத்துப்பாக்கி இந்தக் கார்டைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது, அவன் வரமாட்டான். விலையை ஏற்றினாலோ, பழையதைத் தள்ளிவிட்டு அந்தப் பணத்தில் புதியது வாங்குவார்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் நடத்தினால் இன்னும் மோசம்: வேண்டாமென்றால் பிறகு விற்றுக்கொள்ளலாம் என்ற தைரியம் வாங்கும்போதே வந்துவிடும்.

அப்படியானால் ஏன் ஆதரிக்கச் சொல்கிறேன்? 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,000 பேரில் 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த முயற்சியில் துப்பாக்கி கையில் இருந்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மனம் உடைந்த மகன், மறதி நோய் வந்த தந்தை, தேடித் துழாவும் நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பழைய ரிவால்வர்தான் ஆபத்து. கணவர் இறந்தபின் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொடவே பயப்படும் அம்மாக்களுக்கு ஒரு வழி வேண்டும். விளம்பரமும் அவர்களை நோக்கிப் போக வேண்டும்: மருத்துவமனை, முதியோர் மையம், கோயில், தேவாலயம் என்று.

இனி நடைமுறை. சராசரி 150 டாலர் என்றால் 40,000க்கு 266 துப்பாக்கி. அதற்குமேல் வந்தால்? 2013 ஜனவரியில் சியாட்டிலில் கார்டு தீர்ந்து முகாமைச் சீக்கிரமே முடிக்க வேண்டியதாயிற்று. வரிசையில் நின்றவர்களிடம் தனியார் வியாபாரிகள் பணத்தை நீட்டி வாங்கினார்கள். அட்டை தீர்ந்தாலும் பிறகு தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டை முன்கூட்டியே அச்சடித்து வையுங்கள். ஒருவருக்கு மூன்று என்ற உச்சவரம்பும் தேவை. கூடுதலாகக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளலாம், பணம் கிடையாது.

வரம்பு ஏன் என்பதற்கு யூட்டிகா சாட்சி. 2022 ஆகஸ்டில் நியூயார்க் மாநில அரசு அங்கே நடத்திய முகாமுக்கு ஒருவர் முப்பரிமாண அச்சுப்பொறியில் அடித்த நூற்றுக்கும் மேற்பட்ட பாகங்களைக் கொண்டுவந்து 21,000 டாலர் மதிப்புள்ள கார்டுகளை வாங்கிப் போனார். ஆகவே அறிவிப்பிலேயே எழுதுங்கள்: தொழிற்சாலையில் செய்யப்பட்ட, சுடும் நிலையில் உள்ள துப்பாக்கிக்கு மட்டுமே பணம், வீட்டில் செய்தவற்றுக்கும் தனிப் பாகங்களுக்கும் இல்லை.

அன்றைய தினம், தோட்டாவை வீட்டிலேயே எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பூட்டிய டிக்கியில் வைத்து, தோட்டாக்களைத் தனிப் பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். வருபவர் காரைவிட்டு இறங்கவே வேண்டாம். போலீஸ்காரர்தான் டிக்கியிலிருந்து எடுக்க வேண்டும். மகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றிய பிறகும் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) ஒரு தோட்டா இருக்கலாம், அதனால் விபத்து நேரலாம். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்கத் தெரியாதவர் அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்கு போன் செய்து வரவழைப்பதே நல்லது. பெயர் கேட்கக் கூடாது. ஆனால் சீரியல் நம்பரைத் திருட்டுப் பட்டியலோடு ஒத்துப்பார்க்க வேண்டும். திருடப்பட்டதென்றால் உரியவருக்குச் சேர வேண்டும்.

முகாம் இல்லாத நாளில் ஒப்படைக்க நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அனுமதி இல்லாத துப்பாக்கியைத் திடீரென எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகக் கூடாது. எந்த நாள், எந்த நேரம் ஒப்படைக்கப் போகிறோம் என்று எழுத்தில் காவல்துறைத் தலைவருக்கு முன்கூட்டியே தெரிவித்தால்தான் நியூஜெர்சிச் சட்டம் பாதுகாப்புத் தரும். வழக்கு பதிவான பிறகு அனுப்பினால் பலனில்லை.

வாங்கியதை என்ன செய்வார்கள் என்பதையும் மன்றத்தில் கேளுங்கள். இலவசமாக அழித்துத் தருகிறோம் என்று வரும் சில நிறுவனங்கள் சீரியல் நம்பர் உள்ள ரிசீவரை (மற்ற பாகங்கள் பொருத்தப்படும் நடுச்சட்டம்) மட்டும் நொறுக்கிவிட்டு, பேரல், ஸ்பிரிங், டிரிகர் எல்லாவற்றையும் உதிரிபாகமாக விற்றுவிடும். மற்றொரு ரிசீவர் கிடைத்தால் போதும், துப்பாக்கி மீண்டும் தயார். ‘முழுத் துப்பாக்கியும் உருக்கப்பட வேண்டும், அதிகாரி முன்னிலையில்’ என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் ஆகும். 40,000 டாலரிலேயே அதை ஒதுக்கச் சொல்லுங்கள்.

முடிவில் எத்தனை கிலோ இரும்பு சேர்ந்தது என்று மேசைமேல் அடுக்கிப் புகைப்படம் எடுப்பதில் பயனில்லை. கார்டு கொடுக்கும்போதே பெயரில்லாத சிறு தாளில் நான்கு கேள்வி கேட்டால் போதும்: இது யாருடையது, எங்கே வைத்திருந்தீர்கள், வீட்டில் குழந்தைகளோ மன உளைச்சலில் இருப்பவரோ உண்டா, வேறு துப்பாக்கி இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்பவர் கையில் கார்டோடு ஒரு கேபிள் பூட்டையும் (துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துச் சுட முடியாதபடி பூட்டுவது) கொடுத்து, பூட்டும் விதத்தை அங்கேயே செய்து காட்டுங்கள்.