உப்பங்கழியில் தூண்டில் போட எந்த நிறக் கூலிங் கிளாஸ்?

வாசகர் ஒருவரின் கேள்வி: “ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு உப்பங்கழிக் கரையில் நின்று கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறேன். மாதத்தில் ஒருநாள் நண்பர்களோடு படகில் கடலுக்கும் போவேன். போலரைஸ்டு கண்ணாடி வாங்கலாம் என்று கடைக்குப் போனால் கிரே, பிரவுன், மஞ்சள், நீல மிரர், பச்சை மிரர் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். 3,000 ரூபாய்க்குள் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது?”

பிரவுன் வாங்குங்கள். அதிலேயே கொஞ்சம் சிவப்பு ஓடிய காப்பர், அதாவது செம்பு நிறம் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வெயிலில் தண்ணீர் மேல் பளபளவென்று ஒரு வெள்ளைப் படலம் தெரிகிறதே, அந்த ஒளி பெரும்பாலும் கிடைவாக்கில் அதிர்ந்துகொண்டு வரும் ஒளி. போலரைஸ்டு லென்ஸுக்குள் இருக்கும் படலம் செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் விடும், கிடைவாக்கில் வருவதைத் தடுத்துவிடும். இந்த வேலைக்கும் லென்ஸின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, கிரேயானாலும் பிரவுனானாலும் பளபளப்பு ஒரே மாதிரிதான் போகும். நிறத்தின் வேலை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. பளபளப்பு விலகிய பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வரும் ஒளியில் மீனையும் அடித்தரையையும் பிரித்துக் காட்ட வேண்டும். கழியின் அடியில் என்ன இருக்கிறது? மணல், சேறு, பாசி, ஆளிச் சிப்பி ஒட்டிய கல். எல்லாம் பழுப்பும் பச்சையும்தான், அதற்கு மேல் நிற்கும் கொடுவாவின் முதுகும் அதே சாயல். நீல ஒளிதான் அதிகம் சிதறி எல்லாவற்றையும் மங்கலாக்கும். பிரவுன், காப்பர் லென்ஸ்கள் அந்த நீலத்தைக் குறைத்துவிடுவதால் மீனின் விளிம்பு தனியாக எடுபடுகிறது. கிரே எல்லா நிறத்தையும் ஒரே அளவில் குறைக்கும், நிறம் மாறாமல் தெரியும், கண்ணுக்கும் சுகம், ஆனால் மீனைப் பிரித்துக் காட்டாது. ஆழ்கடலில் அடித்தரை எப்படியும் தெரியப்போவதில்லை, அங்கே கண் கூசாமல் இருந்தால் போதும் என்பதால் கிரே பொருத்தம். நீங்கள் மாதத்தில் ஒருநாள்தான் கடலுக்குப் போகிறீர்கள், அதற்கு பிரவுனும் ஒரு தொப்பியும் தாராளமாகப் போதும்.

மிரர் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நீலம், பச்சை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது மேல்பூச்சு மட்டும். உங்கள் கண்ணுக்கு வருவது உள்ளே இருக்கும் லென்ஸின் நிறம். நீல மிரருக்கு அடியில் கிரேயும் இருக்கலாம், காப்பரும் இருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளைப் பாருங்கள், அது என்ன சாயலில் தெரிகிறதோ அதுதான் நீங்கள் வாங்கும் நிறம். மஞ்சள் இப்போதைக்கு வேண்டாம். விடிகாலையிலும் மேகமூட்டத்திலும் அருமையாக இருக்கும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு ஒன்பது மணிக்கே கண் கூச ஆரம்பித்துவிடும். அப்புறம் அதைப் போட்டுக்கொண்டு இரவில் ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) வண்டி ஓட்டவே கூடாது, உள்ளே வரும் ஒளி குறைந்துதான் போகும்.

கண்ணாடிக் காம்பின் உள்பக்கம் ஒரு எண் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். 3 என்றால் 8 முதல் 18 சதவீத ஒளி உள்ளே வரும், உங்களுக்கு அதுதான் வேண்டும். 4 என்றால் 3 முதல் 8 சதவீதம்தான், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. யு.வி. 400 (புற ஊதாக் கதிர்த் தடுப்பு) என்ற குறிப்பையும் தனியாகத் தேடுங்கள். போலரைஸ்டு என்பதாலேயே புற ஊதாக் கதிர் தடைபட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு.

நல்ல லென்ஸ் வாங்கினாலும் நிற்கும் இடமும் நேரமும் சரியாக இல்லாவிட்டால் பாதிப் பலன்தான். பளபளப்பு முழுசாக அடங்குவது, நம் பார்வை தண்ணீர்ப் பரப்போடு சுமார் 37 டிகிரி கோணத்தில் விழும்போது. தண்ணீருக்கு மேல் உங்கள் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்த இடம் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும். மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏறினால் நான்கு மீட்டர். அதைத் தாண்டியும் தெரியும், ஆனால் போகப்போகத் தெளிவு குறையும். அதனால் கரையில் ஒரு கல்மேடு இருந்தால், ஓரமாக இறங்கி நிற்பதைவிட அதன் மேல் ஏறி நிற்பது மேல். சூரியனுக்கும் இதே கணக்குதான். விடிந்த உடனே கிழக்கே பார்த்து நின்றால் எந்தக் கண்ணாடியும் பெரிதாக உதவாது, ஒளி அவ்வளவு சாய்வாக வருகிறது. பங்குனி மாதத்தில் எட்டே முக்கால் வாக்கில் சூரியன் அந்த 37 டிகிரிக்கு ஏறும், அப்போது எதிர்வெயில் பளபளப்பு வெகுவாக அடங்குவதை நீங்களே பார்க்கலாம்.

ஒரு தடவை இப்படிச் செய்து பாருங்கள். ஓதம் வற்றும் நேரம், அதாவது கடல்நீர் மட்டம் இறங்கும்போது, கல்மேல் நின்று, கண்ணாடி இல்லாமல் தண்ணீரில் நட்ட ஒரு மூங்கில் கம்பின் அடியைப் பாருங்கள். வெள்ளைத் தகடு மாதிரி இருக்கும். இப்போது போட்டுக்கொள்ளுங்கள், தலையை லேசாக இடது வலது சாய்த்து எந்தச் சாய்வில் தெளிவாகிறதோ அங்கே நிறுத்துங்கள். முதலில் தெரிவது மீன் இல்லை, மணலில் விழும் அதன் நிழல். மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாக நகர்ந்துகொண்டிருக்கும், கம்பின் ஓரத்தில் ஒரு நிழல் மட்டும் நகராமல் கிடக்கும். அதற்கு ஒரு சாண் மேலே பார்த்தால் வால் ஓரம் மெதுவாக அசைவது தெரியும். கொடுவா! லூரை அதன் தலைமேல் போடாமல் தாண்டி வீசி அந்தப் பக்கமாக இழுத்து வாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் செம்மண் கலங்கி வரும் நாட்களில் இதெல்லாம் நடக்காது, எந்த நிறமும் சேற்றை ஊடுருவாது.

கடையில் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. லேப்டாப் திரையோ கால்குலேட்டரோ முன்னால் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் லென்ஸ் கறுப்பாகிவிட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் கறுக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்திக் கறுத்தால் படலத்தைக் கோணலாக ஒட்டியிருக்கிறார்கள், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதைப் போட்டால் ஒரு கண்ணில் பளபளப்பு, ஒரு கண்ணில் இல்லை என்று நாள் முழுக்க உறுத்தும்.

ஃபிரேம் முகத்தோடு வளைந்து ஒட்டி இருக்கட்டும். பக்கவாட்டில் வெளிச்சம் புகுந்தால் லென்ஸின் உள்பக்கத்தில் உங்கள் கண்ணே பிரதிபலிக்கும். பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் அதன் மேல் மாட்டும் போலரைஸ்டு கிளிப் கிடைக்கிறது, அதிலும் பிரவுன் உண்டு. கழியிலிருந்து திரும்பும்போது உப்பு காய்ந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் ஒரு வாய் மிச்சம் வைத்து, முதலில் ஊற்றிக் கழுவிவிட்டு அப்புறம் துணியைத் தொடுங்கள்.