மண்மேட்டுக்குள் ஐஸ் ஹவுஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்து எஸ்டேட் ஒன்றில் மரங்களுக்கு நடுவே ஒரு மண்மேடு. வடக்குப் பக்கம் சின்ன வாசல், உள்ளே கல் கட்டிய இருட்டறை. ஆதிகாலத்து நிலவறையா?

பதில்: வாசலைத் தாண்டி ஒரு குட்டி நடைவழி, அது முடியும் இடத்தில் கிணறு மாதிரிக் குழி, மேலே குவிமாடம் என்றால் ஐஸ் ஹவுஸ்தான், அதாவது குளிர்கால ஐஸைக் கோடைக்குச் சேமித்த அறை. பெரும்பாலும் 18, 19-ஆம் நூற்றாண்டு வேலை. இரும்புக்கால நிலவறை வளைந்து போகும் நீளச் சுரங்கம். ஸ்காட்லாந்தின் டார்லண்ட் ஊருக்கு அருகே கல்ஷ் என்ற இடத்தில் அப்படி ஒன்று கூரைப் பலகைக்கல்லோடு இன்னும் நிற்கிறது. அந்த வகை நிலவறையில் சாந்து இருக்காது. எனவே சாந்து உண்டா என்று முதலில் கல் இடுக்கைப் பாருங்கள்.

கேள்வி: ஐஸ் கோடை வரை எப்படித் தாங்கும்?

பதில்: பாதி வேலை வடிகாலுடையது. உருகிய தண்ணீர் அடியில் தேங்கினால் மேலே உள்ள ஐஸையும் கரைத்துவிடும். அதனால் குழி கீழே குறுகும். அடியில் மரச்சட்டம், அதன் மேல் வைக்கோல், சட்டத்துக்குக் கீழே வடிகால். வடிகாலில் எப்போதும் தண்ணீர் நிற்கிற வளைவு ஒன்று வேண்டும், கழிவறைக் குழாயில் இருப்பது போல. அது இல்லாவிட்டால் வெளிக்காற்று அந்த வழியே ஏறிவிடும். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே அளவு தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பம் அது. காற்றும் தேங்கிய நீரும் சேராத வரை ஐஸ் அவ்வளவு எளிதில் கரையாது.

கேள்வி: எப்படி நிரப்பினார்கள்?

பதில்: குளத்தில் உறைந்ததை வண்டியில் கொண்டுவந்து, பொடித்து, அடுக்கடுக்காகக் கொட்டி இடிகட்டையால் இறுக்குவார்கள். இடையிடையே தண்ணீர் தெளித்தால் எல்லாம் ஒரே பாறையாகிவிடும். கட்டிகளாகப் போட்டால் சந்துகளில் காற்று புகும். சுவரோரம் வைக்கோல். நடையில் இரண்டு மூன்று கதவுகள். ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். நனைந்த வைக்கோல் வெப்பத்தைத் தடுக்காது, மாற்றியே ஆக வேண்டும்.

கேள்வி: மாளிகை விருந்துக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை, சால்மன் மீனுக்கும். 1780-களில் ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் மீனை ஐஸில் பொதிந்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பரப்பினார். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்று முகத்துவாரத்தில் 1830-இல் கட்டிய டக்நெட் ஐஸ் ஹவுஸ் மீனுக்கானதே.

கேள்வி: சென்னை ஐஸ் ஹவுஸும் இதே வகையா?

பதில்: பெயர்தான் ஒன்று. அது 1842-இல், அமெரிக்க ஐஸ் வணிகர் ஃபிரெடரிக் டியூடரின் கப்பல்களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஐஸுக்காகத் தரைக்கு மேலே கட்டிய கிடங்கு. இப்போது விவேகானந்தர் இல்லம்.

கேள்வி: ஸ்காட்லாந்து ஐஸ் ஹவுஸுக்குள் இறங்கலாமா? பழுது பார்க்கலாமா?

பதில்: நடை சட்டென்று குழியில் முடியும், டார்ச்சைக் காலடியில் அடியுங்கள். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்கும், அவற்றைக் கலைப்பது அங்கே குற்றம். மேட்டில் முளைத்த மரத்தை வேரோடு பிடுங்கினால் குவிமாடக் கல்லும் கூடவே வரும், தரையோடு வெட்டிவிடுங்கள். விரிசலுக்குச் சுண்ணாம்புச் சாந்து. சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லே பொரியும்.